மீமுறை வீதியில் நின்று உதவிய ஓட்டோ அண்ணாவுக்கு

லக்கேகல மலை ஏறவென்று மீமுறைக் கிராமத்துக்குப் போன எங்கள் கார், கோர்பெட்ஸ் கெப் என்ற மலைக்கணவாய் தாண்டிய இறக்கத்தில் பிரேக் கருகிய மணத்தோடு நின்றது. ஹுன்னஸ்கிரியாவில் கண்டி–மஹியங்கனை வீதியை விட்டுத் திரும்பி லூல்வத்தை வரை சமாளித்துவிட்டோம். பிறகு ஒரே கல், குழி, வளைவு. மழை வேறு.

எதிரே வந்த நீங்கள் ஓட்டோவை நிறுத்தி ஓடி வந்தீர்கள். சில்லுக்குக் கல் வைத்தீர்கள். நான் போத்தலைத் திறந்ததும், "தண்ணி ஊத்தாதீங்க தங்கச்சி, தானா ஆறட்டும்" என்று தடுத்தீர்கள். சூடான பிரேக் இரும்பில் பச்சைத்தண்ணீர் பட்டால் விரிசல் விழலாம் என்று அன்றுதான் தெரிந்தது. ஆறும்வரை நனைந்தபடி கூடவே நின்றீர்கள். பிறகு முதலாம் கியரிலேயே இறங்கச் சொல்லி, வந்த வழியே திரும்பி, ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்தபடி முன்னால் போனீர்கள்.

காசு வாங்கவில்லை. பதற்றத்தில் பெயரும் கேட்கவில்லை. அம்மா விளக்கேற்றும்போது உங்களையும் சொல்லித்தான் கும்பிடுகிறார், அண்ணா.