ஆண்டறிக்கை 2024-25: இன்ச் டேப்போடு போன வகுப்புகள்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்கான (நோயாளிகள் அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிற நமக்கான) தொடர்கல்வி வகுப்பு இந்த வருடம் பன்னிரண்டு என்று போன பொதுக்குழுவில் வாய்விட்டுச் சொன்னேன், நடந்தது ஒன்பது. ஒன்று ஃபெஞ்சல் புயலில் போனது: நவம்பர் 30, சனிக்கிழமை, தண்டையார்பேட்டையில் ஹாலுக்கு அட்வான்ஸ்கூடக் கட்டியாயிற்று, ஹால்காரர் பாதியைத்தான் திருப்பிக் கொடுத்தார். மற்ற இரண்டும் போனது என் சோம்பேறித்தனத்தால். (அந்தச் சொல்லைப் பற்றிக் கீழே வருகிறது.)

முதல் மூன்று வகுப்பும் பழைய மாதிரிதான். ப்ரொஜெக்டர், எண்பது ஸ்லைடு, பதினொரு மணிக்கு டீ, ஒரு மணிக்கு பிரியாணி, பிரியாணி முடிந்ததும் பாதி நாற்காலி காலி. யாரையும் குறை சொல்லவில்லை, நானும் ஒருமுறை அப்படி நழுவியவன்தான். காலையிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு சான்றிதழையும் கொடுத்துவிட்டால் யார்தான் உட்காருவார்கள்? ஜூலையிலிருந்து சான்றிதழ் மாலை நாலரைக்குத்தான். அதற்கு வந்த திட்டையெல்லாம் செயலாளர் கணக்கில் வரவு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் வகுப்பை ஹாலில் வைக்கவில்லை, கொருக்குப்பேட்டையில் ஒரு ஆயா வீட்டில் வைத்தோம். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி நாலு மாதம், நடை வந்துவிட்டது, ஆனால் யாரோடும் பேசுவதில்லை, டிவிகூடப் பார்ப்பதில்லை என்று மகள் சொன்னார். ஆயாவிடமும் மகளிடமும் கேட்டுக்கொண்டு நாலு நாலு பேராகப் போனோம், ஒரே ரூம், ஐந்தாவது ஆள் நிற்க இடமில்லை. நம்மில் ஒருவர் (பெயர் வேண்டாம், அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்) டிஸ்சார்ஜ் அன்று எழுதிக் கொடுத்த வாக்கர் கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. இன்ச் டேப் பிடித்துப் பார்த்தால் வாக்கர் 24 அங்குலம், பாத்ரூம் வாசல் 22. அதோடு கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, ஆயா உள்ளே விழுந்தால் அவர் உடம்பே கதவுக்கு முட்டுக்கொடுத்துவிடும், வெளியிலிருந்து தள்ளித் திறக்கவே முடியாது. கீலை மாற்ற அடுத்த தெரு தச்சர் ஒரு மணி நேரம்தான் எடுத்துக்கொண்டார். கைப்பிடிக் கம்பி இன்னும் வரவில்லை, சுவரில் துளை போட ஹவுஸ் ஓனர் விடவில்லை.

இவ்வளவும் நாங்களாகக் கண்டுபிடித்தது. உங்களுக்கு என்ன செய்யணும் போல இருக்கு என்று ஆயாவிடம் கேட்டபோது பாத்ரூமைப் பற்றி அவர் பேசவே இல்லை. "காலைல பம்புக்குப் போவணும்" என்றார். தண்ணீரை மகள் பிடித்துவிடுகிறார், அதில் குறையில்லை. ஆனால் யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சண்டை என்று தெரு முழுக்கப் பேசிக்கொள்வது அந்த அடி பம்பைச் சுற்றித்தான், நாலு மாதமாக ஆயாவுக்கு ஒரு சேதியும் வந்து சேரவில்லை. பம்புக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டோம், அடிப்பது பக்கத்து வீட்டுப் பெண், குட வரிசையைப் பார்த்துக்கொள்வது ஆயா. அக்டோபரில் மறுபடி போனபோது வரிசை தாண்டிய யாரையோ அவர் திட்டுகிற சத்தம் தெருமுனைக்கே கேட்டது. முதியோருக்கான 15 கேள்வி மனச்சோர்வு அளவுகோலில் பதினொன்றில் இருந்தவர் ஐந்துக்கு இறங்கியிருந்தார். எனக்கென்னவோ அந்த எண்ணைவிடத் திட்டுதான் நம்பிக்கை கொடுத்தது.

செப்டம்பரில் ஒரு கேஸ் பேசினோம். காசிமேட்டில் முப்பது வருடம் மீன் விற்ற அம்மா, மறதி என்று கூட்டி வந்தார்கள். ஞாபகத்தையும் யோசனையையும் சோதிக்கிற மோகா (MoCA) பரிசோதனையில் பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரையச் சொன்னால் பென்சிலையே தலைகீழாகப் பிடிக்கிறார். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் படிக்காதவர்களுக்கு முப்பதில் ஒரு மார்க் கூட்டிக்கொள்ளலாம் என்கிறது அந்தப் பரிசோதனை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவருக்கு அந்த ஒரு மார்க் எந்த மூலைக்கு? அப்புறம் நம் உறுப்பினர் ஒரு கிலோ சங்கரா வாங்கிப் போய் அந்த அம்மா வீட்டிலேயே முன்னால் வைத்தார். அருவாமனையில் செதில் எடுத்து, வயிற்றைக் கீறி, துண்டு போட்டு முடிக்கிறவரை கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. குழம்பு கூட்டும்போதுதான் தெரிந்தது: உப்பு மூன்று முறை விழுந்தது, அடுப்பை அணைக்கவே இல்லை. கைக்குப் பழகிய வேலை கடைசிவரை நிற்கும், இப்போது செய்தது முதலில் போகும் என்று நாம் படித்ததுதான், ஆனால் எண்பது ஸ்லைடில் அது இப்படிப் பதியவில்லை. இப்போது மீன் ஆய்வது அந்த அம்மா, அடுப்பு மருமகள் பொறுப்பு.

டிசம்பர் வகுப்பு மனச்சிதைவு (ஸ்கிஸோஃப்ரினியா) பற்றி. 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை நம் பக்கத்திலேயே இருந்தும் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கேலி பேசுகிற ஊர் இது. மாத்திரையில், இல்லாத குரல் காதில் கேட்பது அடங்கும், எழுந்திருக்காமை, குளிக்காமை, எதிலும் பிடிப்பில்லாமை அவ்வளவு சீக்கிரம் அடங்காது. அதற்கு வீட்டில் வைக்கிற பெயர்தான் சோம்பேறி. வியாசர்பாடியில் ஒரு தம்பி, முன்பு தெருவில் நல்ல கேரம் ஆட்டக்காரர். காலையில் அம்மாவோடு போய் ஒரு பால் பாக்கெட் வாங்கி வருவது, மூன்று வாரம் கழித்துத் தனியாக, அப்புறம் போர்டுக்குப் பவுடர் போட மட்டும் போய் நிற்பது என்று படி படியாகப் போனார்கள். இன்னும் ஆட உட்காரவில்லை, சாயங்காலம் ஆனால் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாராம்.

சட்ட வகுப்பு ஒன்று, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலத் தொழில்முறையாளர் என்று பட்டியலிடுவதில் நாம் இல்லை. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் இருக்கிறோம். ஆகவே பட்டச் சான்றிதழ், பதிவுச் சான்று எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள், கேட்கிற அன்றைக்குத் தேடி என்னைக் கூப்பிடாதீர்கள்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பிரியாணிச் செலவு குறைந்திருக்கிறது, ஆட்டோச் செலவு ஏறியிருக்கிறது, இரண்டுக்கும் காரணம் மேலே இருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்று அவரவருக்குத் தெரியும்.

அடுத்த வருடம் எட்டு வகுப்புக்கு மேல் சொல்ல மாட்டேன், அதில் ஐந்து வீடுகளில். முதலாவது திருவொற்றியூரில் ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சங்கத்தின் இன்ச் டேப் இரண்டும் ஆகஸ்டிலிருந்து காணவில்லை. எடுத்தவர் திருப்பிக் கொடுத்தால் போதும், பெயர் கேட்க மாட்டேன்.

செயலாளர்