வரப்பு மேல தப்பே இல்லீங்க

அன்னைக்கு விடியக்காலைல வாய்க்காலுக்குள்ள மூக்கு குத்தி நின்ன என் டிராக்டரையும், பக்கத்துல சேறு அப்பிக்கிட்டு நின்ன என்னையும் பாதி பேரு நேர்லயே பாத்துட்டீங்க, மீதி பேருக்கு வீடியோ வந்திருக்கும், அதனால கதைய திரும்ப சொல்லல. உடம்புல ஒரு கீறல் இல்ல. மானம்தான் கொஞ்சம் நனைஞ்சு போச்சு.

சங்கிலி தூக்கிட்டு ஓடி வந்தவங்க, பின்னாடி மாட்டியிருந்த ரொட்டாவேட்டர (பிளேடு சுத்தி மண்ண கிளறுற கருவி) கழட்ட இடுப்பளவு தண்ணில இறங்கினவங்க, இழுக்குற வண்டில சங்கிலிய மேல டாப் லிங்க் பக்கம் மாட்டப் போன என்ன "கீழ டிராபார்ல மாட்டுடா, இல்லன்னா முன்னாடி தூக்கிட்டு அதுவும் கவுந்துரும்"னு அதட்டின மாமா, ஏர் கிளீனர்ல தண்ணி போயிருக்கான்னு பாக்குற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக்கூடாதுன்னு சாவிய பிடுங்கி பாக்கெட்ல போட்டுக்கிட்ட மெக்கானிக் அண்ணன் (அவரு இல்லன்னா இஞ்சினும் போயிருக்கும்), எல்லாருக்கும் நன்றி. வீடியோ எடுத்த தம்பிங்களுக்கும்தான், சிரிச்சு முடிச்சதும் டெலிட் பண்ணிருங்கப்பா.

ஆனா இத எழுத உக்காந்ததே பக்கத்து வயல் பெரியப்பாவுக்காகத்தான். நான் ஒடச்சது அவரு வரப்பு, மிதிச்சது அவரு நாத்து. டார்ச்ச அடிச்சுக்கிட்டு மொத ஆளா வந்தவரு, வண்டிகிட்ட கூட வராம தூரத்துல நின்னே "மொதல்ல பி.டி.ஓ.வ ஆஃப் பண்ணு"ன்னு கத்தினாரு (இஞ்சின்ல இருந்து ரொட்டாவேட்டர சுத்த வைக்குற தண்டுதான் பி.டி.ஓ.), அதுவரைக்கும் பின்னாடி பிளேடு சுத்திக்கிட்டு இருக்குறதே எனக்கு உறைக்கல. அப்புறம் வரப்ப பாத்தாரு, என் கண்ண பாத்தாரு, "எப்படா தூங்குன?"ன்னு மட்டும் கேட்டாரு. எண்ணிப் பாத்தேன், கணக்கு வரல.

அதுக்குள்ள ஆளுங்க வந்துட்டாங்க, எப்படி ஆச்சு எப்படி ஆச்சுன்னு. நான் வாயத் திறக்குறதுக்குள்ள அவரு சொல்றாரு, "எலி வளை வச்ச வரப்புப்பா, நான்தான் அடைக்காம விட்டுட்டேன், டயர் ஏறினதும் உள்வாங்கிருச்சு." வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறாம. ஒரு எலி வளை கண்ணுல பட்டா அடைச்சு மிதிச்சுட்டுதான் வீட்டுக்குப் போற மனுஷன் அவரு, வரப்பு கட்டுறதுல அவர அடிச்சுக்க ஆளே இல்ல, அப்படிப்பட்டவரு ஊரே கேக்க தன் வரப்ப தானே குறை சொல்றாரு. நானும் மண்டைய மண்டைய ஆட்டிக்கிட்டு நின்னேன். அதுதான் இத்தன நாளா தொண்டைல முள்ளா நிக்குது.

எலியும் இல்ல வளையும் இல்லீங்க. நான் தூங்கிட்டேன். மழைக்கு முன்னாடி முடிச்சுரணும், இன்னும் நாலு சால்தானேன்னு ஓட்டினேன். மெதுவாத்தானே போகுதுன்னு ஒரு தைரியம் வேற. மணிக்கு 4 கிலோமீட்டர்னாலும் செகண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல வருது, 5 செகண்ட் கண்ணு சொக்கினா வரப்பு தாண்டியாச்சு. 17 மணி நேரம் தூங்காம இருந்தா லேசா குடிச்சவன் மாதிரிதான் கை கால் வேலை செய்யும்னு ஆராய்ச்சி பண்ணியே சொல்லிருக்காங்களாம், நான் அதையும் தாண்டி முழிச்சிருந்தேன். குடிச்சுட்டு வண்டி எடுக்குறவன திட்டுற வாய் என் வாய்.

மறுநாள் வரப்ப சரி பண்ண மம்முட்டியோட போனேன், "மூஞ்சப் பாரு, போய் தூங்கிட்டு வா, வரப்பு எங்கயும் ஓடாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. இனிமே இருட்டினப்புறம் சீட்ல ஏறுறதில்லன்னு சாவிய வீட்டம்மாகிட்ட குடுத்தாச்சு.

பெரியப்பா, யாராவது இத படிச்சுக் காட்டினா "இத ஏன்டா போய் எழுதுன"ன்னு திட்டுவீங்க. திட்டிக்கோங்க. நாளைக்கு காலைல வரேன், நாத்தும் கொண்டு வரேன். நல்லா தூங்கி எந்திரிச்சுதான் வருவேன்.