மூலை தேடும் புரதம்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கோபித்துக்கொள்ளாதேடி. அம்மாவுக்கு முட்டிவலி, எழுந்து நடக்கவே சிரமப்படுகிறார். வெயிலும் தாங்கவில்லை. பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது பார்த்தால் கரைக்குக் கரை மணல்தான்.

"பாக்டீரியா வெறும் பைதானே, அதில் பாடம் நடத்த அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். நாம் படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். நேற்று பிள்ளைகளுக்கு ஒரு படம் காட்டினேன். மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ், சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளமுள்ள கோல் வடிவ பாக்டீரியா. அதன் டிவ்-ஃபோர்-ஏ என்ற புரதத்தோடு பச்சையாய் ஒளிரும் புரதத்தை ஒட்டவைத்து எடுத்த படம். கோலின் இரண்டு நுனியிலும் பச்சைப் பொட்டு வைத்தாற்போல் இருந்தது. பிரியப்போகும் செல்லில் நடுவிலும் பச்சை.

நுனி எது என்று அந்தப் புரதத்துக்கு யார் சொன்னது?

குடியாத்தத்தில் உங்கள் பாட்டி எப்போதும் திண்ணை மூலையில்தான் உட்காருவார், ஞாபகமிருக்கிறதா? முதுகுக்கு ஒரு சுவர், தோளுக்கு ஒரு சுவர். இந்தப் புரதமும் அப்படித்தான். ஒற்றை மூலக்கூறுக்கு வளைவு தெரியாது, அது அவ்வளவு சிறியது. பல சேர்ந்து கொத்தானால், செல்லைச் சுற்றியுள்ள சவ்வு உட்குழிந்த இடத்தில் ஒரே நேரத்தில் பல பக்கமும் பிடிப்புக் கிடைக்கிறது, நிலைத்துவிடுகிறது. செல் பிரியும்போது நடுவே சுவர் உள்நோக்கி மடிகிற இடம்தான் இருப்பதிலேயே கூர்மையான மூலை. முதலில் அங்கே சேர்கிறது. பிரிந்த பிறகு அதுவே புது நுனி. 2009-இல் வந்த இரண்டு ஆய்வுகள் இந்த வளைவுக் கணக்கைக் காட்டின.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2000-இல் செய்த சோதனை. இந்தப் புரதமே இல்லாத ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவிலும், ஒருவகை ஈஸ்டிலும் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேயும் பிரியும் இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது! அதிலும் ஈஸ்டில் வழிகாட்ட பாக்டீரியாவின் பிரிவுப் புரதம் எதுவும் கிடையாது.

நுனியில் அதற்கு வேலையும் இருக்கிறது. செல் பிரிவைத் தடுக்கும் 'மின்' (Min) என்ற புரதங்களை அங்கே பிடித்துவைக்கிறது; பெயர்தான் அப்படி, மின்சாரம் இல்லை. இல்லாவிட்டால் செல் ஓரத்திலேயே பிரிந்து, டி.என்.ஏ. இல்லாத வெற்றுக் குட்டிகள் பிறக்கும். ஈ.கோலை இதையே வேறு விதமாகச் செய்கிறது. அங்கே மின் புரதங்கள் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் போய்வந்துகொண்டே இருக்கும்.

தைக்கு வருவாயா? அந்தப் படத்தை உனக்கும் காட்டவேண்டும். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் வாங்கி வைக்கிறேன். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
மல்லிகா