விளையாட்டு உருவாக்கும் மென்பொருள் மாணவர் கைக்கு எட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினி விளையாட்டுகளை உருவாக்க உதவும் யூனிட்டி மென்பொருளின் நிறுவனம், குறிப்பிட்ட வருவாயையும் நிறுவல் எண்ணிக்கையையும் கடந்த விளையாட்டுகளுக்கு, ஒவ்வொரு புதிய நிறுவலுக்கும் கட்டணம் வசூலிக்கப்போவதாக 2023 செப்டம்பரில் அறிவித்து, கடும் எதிர்ப்பு எழுந்ததால் ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டது. மாணவர்களை அக்கட்டணம் நேரடியாகத் தொட்டிருக்காது என்பது உண்மையே. ஆனால், இன்று இலவசமாகக் கிடைப்பதன் விதிமுறை நாளையே மாறலாம் என்ற கவலை நியாயமானது.

2014 முதல் திறந்த மூல உரிமத்தில், அதாவது நிரலை எவரும் பார்த்து, மாற்றிப் பயன்படுத்தும் உரிமையுடன் கிடைக்கும் கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளுக்குக் கட்டணமும் இல்லை, வருவாயில் பங்கும் தர வேண்டியதில்லை. தரவிறக்கிய கோப்பை நிறுவாமலேயே திறந்து, எளிய மடிக்கணினியிலும் இருபரிமாண விளையாட்டொன்றைச் செய்து பார்க்கலாம். முப்பரிமாண உருவங்களைச் செய்யப் பிளெண்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நம் கல்லூரிகள் இவற்றைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதுடன், ஆர்வத்தால் தாமே கற்போருக்கும் பயன்படும்படி தமிழில் செய்முறைக் கையேடுகளை வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை