கருப்பட்டியும் ராக்கெட்டும்

உடன்குடி

அன்புள்ள ஆறுமுகம்,

கருப்பட்டி பத்துக் கிலோ வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தில் நாலு வரி தள்ளி, ஹெச்பிஏ1சி என்ற சர்க்கரை டெஸ்ட்டில் 8.4 வந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். எழுதி முடித்து ஒரு தடவை வாசித்துப் பார்த்திருந்தால் உனக்கே சிரிப்பு வந்திருக்கும். பத்துக் கிலோ கிடையாது. மதினிக்குச் சுக்குக் காப்பி போட ஒரு கிலோ பார்சலில் வரும். அதில் நீ கை வைக்காதே.

'சீனிதான் விஷம், கருப்பட்டி இயற்கை, சுகர்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்' என்று நீ பார்த்த அந்த வீடியோ இங்கேயும் சுற்றுகிறது. என் மெடிக்கலுக்கு வருகிறவர்களில் பலர் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அப்படியே எதிர்க்கடைக்குப் போய்க் கருப்பட்டி மிட்டாய் வாங்குகிறார்கள். ரெண்டு கடைக்கும் வியாபாரம் நடக்கிறது, அந்த மட்டில் சந்தோஷம்.

உடன்குடிக்காரனுக்கு இதை விளக்க டாக்டர் தேவையில்லை, ஊர்க் கதையே போதும். வெள்ளைக்காரன் காலத்தில் குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனி சீனி ஆலை வைத்திருந்ததும், அதற்காகத் திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் ஒரு குட்டி ரயில் ஓடியதும் உன் தாத்தா சொல்லி நாம் கேட்டதுதானே? அந்த ஆலைக்குக் கரும்பா வந்தது? தேரிக்காட்டில் கரும்பு ஏது? பனை வெல்லத்தைச் சுத்திகரித்துத்தான் வெள்ளைச் சீனி எடுத்தார்கள். எடுக்க முடிந்தது என்றால் அது உள்ளே இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்! பதநீரின் இனிப்பும் கரும்புச் சாற்றின் இனிப்பும் சுக்ரோஸ் என்ற ஒரே சர்க்கரைதான். கருப்பட்டியில் கூடுதலாகக் கொஞ்சம் இரும்பு, பொட்டாசியம் இருக்கிறது, மணம் இருக்கிறது, இப்போது புவிசார் குறியீடும் இருக்கிறது. உன் ரத்தத்துக்கு அந்தக் குறியீடு தெரியாது.

பதநீர் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால் சர்க்கரை முறிந்துவிடும் என்று அந்த வீடியோவில் ஒருவர் சொன்னாராமே, அது நல்ல வேடிக்கை. சுண்ணாம்பு தடவாவிட்டால் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று, சாற்றைச் சில மணி நேரத்தில் கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தில் அதற்கு வேலை செய்ய முடிவதில்லை. ஆகப் பனையேறி சுண்ணாம்பு தடவுவதே சர்க்கரையைப் பத்திரமாகக் கீழே இறக்கத்தான்.

அப்புறம், ரத்தம் கொடுப்பதற்கு நாலு நாள் முன்னாலிருந்து இனிப்பையே தொடவில்லை, அப்படியும் 8.4 என்று புலம்பியிருக்கிறாய். வெறும் வயிற்று சுகர் டெஸ்ட்டில் அந்த வித்தை கொஞ்சம் பலிக்கும். இதில் பலிக்காது. ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால் ஒட்டியதுதான், அந்த அணு சாகிறவரைக்கும் கழலாது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அதனால்தான் மூன்று மாதக் கணக்கும் ஒரே எண்ணில் வந்து விழுகிறது. போன தீபாவளிக்குத் தின்ற அல்வாவை இந்த நாலு நாள் பத்தியம் அழித்துவிடாது.

ஆனால் ஒரு விஷயத்தை மறக்காமல் டாக்டரிடம் சொல். போன வருஷம் மூலத்தில் ரத்தம் போய் ஹீமோகுளோபின் இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகவும் காட்டும், குறைவாகவும் காட்டும்; எந்த வகைச் சோகை என்பதைப் பொறுத்தது. மும்பையில் பெரிய லேப்பில் எடுத்தேன், மெஷின் ஜெர்மனிக்காரன் செய்தது என்றெல்லாம் எழுதியிருக்கிறாயே, இதைச் சொன்னாயா என்று எழுதவில்லை. மெஷினுக்கு உன் மூலம் தெரியுமா?

நீ தனியாள் இல்லை என்பது ஆறுதலாக இருந்தால் வைத்துக்கொள்: 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இங்கே 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரையை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். என் கடையில் மாத்திரை வியாபாரம் கொஞ்சம் படுத்ததென்னவோ உண்மை. ஆனால் எங்கள் தெருவில் முழங்கால் வலியோடு படுத்திருக்கும் கிழவி ஒருத்தி ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால், அது மாதாமாதம் வாசலில் வந்து நிற்கும் அந்தப் பெண்ணால்தான். போன மாத அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைக் கொடுக்கிறாள். நான் என்றைக்காவது அப்படி எண்ணிப் பார்த்திருக்கிறேனா? கடைக்காரனுக்கு அட்டை போனால் சரி.

சரி, நீ அனுப்பிய ஃபார்வர்டுக்கு வருகிறேன். குலசையில், அதாவது நம் குலசேகரன்பட்டினத்தில், ராக்கெட் தளம் வந்தால் மேகம் கலைந்து மழையே இல்லாமல் போய்விடும் என்று யாரோ எழுத, நீ அதை நம் வகுப்புக் குழுவில் போட, எல்லாரும் கும்பிடு போட்டிருக்கிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் 1971லிருந்து ராக்கெட் விடுகிறார்கள். அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் சென்னை 2015 டிசம்பரில் மூழ்கியதை டிவியில் பார்த்தாய்தானே? மழை வரவேண்டும் என்றால் வரும். 2023 டிசம்பரில் நம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் ஜனங்களோடு நின்றுவிட்டது. அன்றைக்கு யார் எந்த மேகத்தைக் கலைத்தார்கள்?

இடம் ஏன் குலசை என்று நீ கேட்டது நல்ல கேள்வி. இங்கே அதைச் சொல்லத்தான் ஆளில்லை. 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அந்த நேரத்தில் பேப்பரில் வந்த ஒரு விளம்பரத்தில் ராக்கெட்டின் மேல் சீனக் கொடி இருந்தது நினைவிருக்கும். டீக்கடையில் ஒரு வாரம் அதுதான் பேச்சு. அது ஓய்ந்ததும், தளத்தைக் கொண்டுவந்தது யார் என்று போஸ்டர் சண்டை. ஏன் இங்கே என்று எந்தப் போஸ்டரிலும் இல்லை.

விஷயம் ரொம்பச் சின்னது. துருவத்தைச் சுற்றிவரும் செயற்கைக்கோளை அனுப்ப ராக்கெட்டைத் தெற்கே விட வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் இலங்கைக்கு மேலே போகும். கழன்று விழும் பாகங்கள் ஜனங்கள் தலையில் விழக் கூடாதல்லவா? அதனால் முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைத் தாண்டி, அப்புறம் தெற்கே திரும்புகிறது. திரும்புவதற்கு எரிபொருள் செலவு. பிஎஸ்எல்வி மாதிரி பெரிய ராக்கெட் அதைத் தாங்கும். 500 கிலோவை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும் எஸ்எஸ்எல்வி மாதிரி சின்னதுக்கு அது பெரிய நஷ்டம். குலசையிலிருந்து நேர் தெற்கே அண்டார்டிகா வரைக்கும் கடல்தான். திரும்ப வேண்டிய வேலையே இல்லை. மாதவன்குறிச்சி, படுக்கப்பத்துப் பக்கமெல்லாம் நிலம் எடுத்து, 2000 ஏக்கருக்கு மேல் வளைத்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் இஸ்ரோ தலைவர் நாராயணன் வந்து கட்டட வேலைக்குப் பூமி பூஜை போட்டார். அவரும் நாகர்கோவில் பக்கத்துக்காரர்தான்.

மழையை விட்டுவிட்டுக் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எஸ்எஸ்எல்வியின் மூன்று கட்டமும் திட எரிபொருள். அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியப் பொடியும் ரப்பர் மாதிரி ஒரு பசையில் கலந்து கெட்டியானது. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பாத்ரூம் கழுவ நான் பாட்டிலில் விற்கிறேனே, அதேதான். சின்ன ராக்கெட், அதனால் அளவு குறைவு, ஏவுமிடத்துக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் படிந்துவிடும் என்கிறார்கள். ஆனாலும் கொண்டல் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் மாதங்களில் அது எந்தப் பக்கம் போகும், வேலிக்கு வெளியே நிற்கும் பனையில் என்ன படியும், அதை யார் அளந்து எங்கே எழுதி வைப்பார்கள்? இதைக் கேட்டு ஒரு ஃபார்வர்டு வரட்டும், நானே நாலு குழுவில் போடுகிறேன்.

தசராவுக்கு நீ வராதது உனக்குத்தான் நஷ்டம். இந்த வருஷம் காளி வேஷக்காரர் ஒருவர், காணிக்கை வாங்கும் தன் செட்டு ஆட்களோடு என் கடைக்கு வந்தார். முதுகில் கட்டிய மரக்கைகள், தொங்கும் நாக்கு, இடுப்பு வரைக்கும் ஜடாமுடி. கழுத்தில் எலுமிச்சை மாலைக்கு நடுவே பிளாஸ்டிக் உறையில் ஒரு க்யூஆர் கோடு அட்டை! பின்னால் வந்த பையனின் பைக்குள்ளிருந்து பணம் வந்த விவரத்தை ஒரு பெட்டி தமிழில் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. தாரை தப்பட்டையையும் மீறி அது கேட்டது. அட்டையின் ஒரு ஓரம் முழுக்கக் குங்குமம் அப்பியிருந்தது, இது எங்கே எடுக்கப் போகிறது என்று போனை நீட்டினேன். உடனே எடுத்துவிட்டது.

அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1994இல் ஜப்பானில் மசாஹிரோ ஹாரா என்பவரும் அவருடைய சகாக்களும் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க இதை உண்டாக்கினார்கள். தொழிற்சாலையில் எண்ணெய்க் கறையும் அழுக்கும் படியும் என்று தெரிந்தே, சேதிக்குள் திருத்தக் கணக்கையும் சேர்த்துப் பொதிந்தார்கள். அதற்கேற்ற மாதிரி அச்சடித்தால் முப்பது சதவீதம் வரைக்கும் அழிந்தாலும் மிச்சத்தை வைத்து முழுசையும் மீட்டுவிடும். மூன்று மூலையில் இருக்கும் பெரிய சதுரங்கள் மட்டும் தெரிய வேண்டும், அவைதான் இதுதான் கோடு என்று கேமராவுக்கு அடையாளம். அச்சில் வரும் எழுத்துகளையும் படங்களையும் அலசி, எங்கேயும் சாதாரணமாக வராத கறுப்பு வெள்ளை விகிதமாகத் தேடிப் பிடித்துத்தான் அந்தச் சதுரத்தை வரைந்தார்களாம். காளியின் குங்குமம் நல்லவேளையாக நாலாவது மூலையில்.

கடையில் நின்ற ஒரு அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. கையில் விழுந்தால்தான் காணிக்கை, போனில் போனால் குலசை முத்தாரம்மனுக்குச் சேருமா என்று பிடித்துக்கொண்டார். நான் பையனிடம் கேட்டது வேறு: கணக்கு யார் பேரில் இருக்கிறது? "செட்டுத் தலைவர் பேர்ல அண்ணாச்சி. பத்தாம் நாள் காலைல ஏடிஎம்ல எடுத்து உண்டியல்ல போட்டுருவோம்" என்றான். 2016இல் யுபிஐயைக் கொண்டுவந்தவர்கள், அந்தப் பணம் மறுபடி நோட்டாக மாறி உண்டியலில் விழும் என்று நினைத்திருப்பார்களா? தசராவில் ஆடும் சினிமாப் பாட்டுக் குத்தாட்டத்தைப் பற்றிக் கோர்ட் வரைக்கும் போனார்கள், இதைப் பற்றி இன்னும் யாரும் போகவில்லை.

இப்போது ஒரு வேலை சொல்கிறேன், செய்து கொடு. மணப்பாட்டு மீனவர் ஒருவர் பிரஷர் மாத்திரைக்கு என் கடைக்கு வருவார். ராக்கெட் விடுகிற அன்றைக்குக் கடலில் ஒரு பகுதிக்குள் யாரும் போகக் கூடாது. ஸ்ரீஹரிகோட்டா பக்கத்துப் பழவேற்காட்டு மீனவர்களுக்கு இது பல வருஷப் பழக்கம். நம் ஆட்களுக்கு இனிமேல்தான். அவர் சொன்னார்: "அண்ணாச்சி, நாங்க ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போறதில்ல. அவங்க ஞாயித்துக்கிழமையாப் பார்த்து விட்டா என்ன?" ராக்கெட்டைப் பற்றி இந்த ரெண்டு வருஷத்தில் என் காதில் விழுந்ததிலேயே உருப்படியான கேள்வி இதுதான்.

நான் வாசித்துத் தெரிந்துகொண்ட வரைக்கும் இதில் தப்பே இல்லை. பூமியைப் படமெடுக்கும் துருவச் செயற்கைக்கோள்களில் பல, ஒரு ஊரைக் கடக்கும்போதெல்லாம் அங்கே ஒரே நேரமாக இருக்கிற மாதிரி அனுப்பப்படுகின்றன, நிழல் ஒரே மாதிரி விழ வேண்டும் என்பதற்காக. அதனால் ஏவுகிற மணி முக்கியம். கிழமை எதுவானால் என்ன? வானிலையும், மேலே வேறு ஏதாவது குறுக்கே வருகிறதா என்பதும்தான் தேதியைத் தள்ளும். எஸ்எஸ்எல்வி முதன்முதலில் பறந்த 2022 ஆகஸ்ட் 7 ஞாயிற்றுக்கிழமைதான்! அது தோற்றது வேறு கதை, கிழமை மேல் பழி போட முடியாது. எல்லாத் தடவையும் முடியாவிட்டாலும், முடிகிற தடவை ஞாயிறு, முடியாத தடவை இத்தனை ரூபாய் நஷ்டஈடு என்று எழுத்தில் இருந்தால் போதும் என்கிறார் அந்த மீனவர்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்க அவருக்கு மனு எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். உன் தம்பி மகன் விமானப் பொறியியல் படித்தவனாயிற்றே, மேலே நான் சொன்னதை அவனிடம் காட்டி, எங்கேயாவது பிசகினால் திருத்தச் சொல். மனுவில் ஓட்டை இருந்தால் அந்த ஒரு ஓட்டையைக் காட்டியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், போனில் சொன்னாலும் சரி.

மதினியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்
பால்துரை