நைட் டியூட்டி சிஸ்டரையும் கேள்

அஸ்தம்பட்டி, சேலம்.

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நேற்று நீ போனில் சொன்னது இரவெல்லாம் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உன் யூனிட்டில் அறுவை சிகிச்சை பயிலும் பிஜி (முதுநிலை) மாணவர்களின் மதிப்பீட்டை இம்முறை நீதான் எழுத வேண்டும் என்றும், தையலுக்கும் சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கும் யோசிக்காமல் மதிப்பெண் போட முடிகிறது, ‘தொழில் நடத்தை’ என்ற கட்டத்துக்கு வந்ததும் எல்லாருக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடத் தோன்றுகிறது என்றும் சொன்னாய். அப்படிப் போடாதே கண்ணு. முப்பத்தோர் ஆண்டு ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரே ஆண்டில் இரண்டு பிஜிக்கள் இருந்தார்கள். ஒருவருக்குக் கை அபாரம்; பேராசிரியருக்கு அவர்மேல் தனிப் பிரியம். ஆனால் அவர் இரவில் வார்டுப் பக்கமே வராமல், வந்து பார்த்ததாகக் காலையில் கேஸ் ஷீட்டில் எழுதுவார். வடிகுழாயில் எவ்வளவு வந்தது என்று ரவுண்ட்ஸில் கேட்டால் தயங்காமல் ஓர் அளவைச் சொல்வார். அது பொய் என்று இரவுப் பணியிலிருந்த எங்களுக்குத் தெரியும். எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்களாகவும் போய்ச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை இன்றுவரை என் தவறாகவே நினைக்கிறேன்.

இன்னொருவர் கொஞ்சம் நிதானம். ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து குடலில் ஓட்டை விழுந்து வந்த ஒரு பெரியவருக்கு நள்ளிரவில் ஆபரேஷன் நடந்தது. வயிற்றை மூடும் நேரத்தில் ரத்தம் ஒற்ற உள்ளே வைக்கும் மாப் துணிகளை நான் எண்ணினேன், ஒன்று குறைந்தது. ‘எண்ணினதில் தப்பு இருக்கும், மூடு’ என்றார் மூத்த டாக்டர். அந்த இளைஞர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, ‘சார், கல்லீரலுக்கு மேல் ஒன்று வைத்தது நான்தான், எடுத்ததாக நினைவில்லை’ என்றார். கையை விட்டுப் பார்த்தால் அது அங்கேயே இருந்தது. தன் மறதியை அத்தனை பேர் முன்னிலையில் ஒப்புக்கொண்டு, மூத்தவர் சொல்லையும் மீறி ஒரு நோயாளிக்காக நின்ற அவருக்கு ஆண்டு இறுதியில் கிடைத்த குறிப்பு, வேகம் போதாது என்பது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

நடத்தையை எண்ணில் அளக்க முடியுமா என்று கேட்டாய். 2005-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, பின்னாளில் மருத்துவ வாரியங்களின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான 235 டாக்டர்களின் பழைய கல்லூரிக் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தது. நடவடிக்கைக்கு ஆளாகாத மற்ற டாக்டர்களோடு ஒப்பிட்டால், படிக்கும்போதே நடத்தைக் குறை பதிவானவர்களின் விகிதம் நடவடிக்கைக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. பொறுப்பின்மையும், சொன்னால் திருத்திக்கொள்ளாத குணமும்தான் அவற்றில் பெரியவை. அன்றே யாரோ எழுதி வைத்ததால்தான் அது பிறகு தெரிந்தது. ஆகவே எண்ணோடு நிறுத்தாமல், என்ன நடந்தது, எந்த நாள், அவர் என்ன செய்தார் என்று இரண்டு வரி எழுது. குறையை ஆறு மாதம் சேர்த்து வைக்காமல் அன்றைக்கே அவரைத் தனியாக அழைத்துச் சொல்.

பிரிட்டனில் பயிற்சி டாக்டரைப் பற்றி நர்ஸ் உள்பட உடன் வேலை செய்யும் பலரிடம் கருத்து வாங்குகிறார்கள். அவரும் தன்னைத் தானே மதிப்பிட்டு எழுத வேண்டும். உங்கள் படிவத்தில் அதற்கு இடமில்லாவிட்டாலும் நீ கேட்கலாம். ஒருவரை மட்டும் கேட்காதே. நர்ஸ்களான எங்களுக்குள்ளும் கோபதாபம் உண்டு. நான்கைந்து பேர் தனித்தனியே ஒன்றையே சொன்னால் அதில் விஷயம் இருக்கிறது.

கற்பிப்பதற்குத் தியேட்டரே போதும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. எட்டு நகரங்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-இல் எழுதினார்கள். பல இடங்களில் அதை டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள். நீ வாய்விட்டுச் சொல்ல வை, முதலில் நீயே சொல். எண்ணிக்கை குறைகிறது என்று ஒரு சின்னப் பெண் நர்ஸ் சொன்னால், கையை நிறுத்திவிட்டு, பிஜிக்கள் கேட்கும்படி அவளுக்கு நன்றி சொல்.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். அதற்குள் ஓர் இரவு பத்து மணிக்கு மேல் வார்டுக்குப் போய், டியூட்டியில் இருக்கும் சிஸ்டரிடம் கேள்: இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் இவர்களில் யார் வருகிறார்கள்?

அன்புடன்,
அம்மா