சாயங்காலம் வரை காத்திரு

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் நேற்று வந்தது. பெண்ணுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவள் பட்ட பாட்டுக்கு இது கிடைக்க வேண்டியதுதான். என் முழங்கால் வலி இப்போது தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது.

நான் உடனே பேனாவை எடுத்ததற்குக் காரணம் நீ கடைசியில் எழுதிய இரண்டு வரிதான். பரிசாக வந்த சென்ட்டை, அதுதான் பச்சௌலி என்ற செடியின் இலை எண்ணெய் சேர்ந்ததை, போட்டுப் பார்த்துவிட்டு, மழையில் நனைந்த பழைய பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கிறது என்று கையைக் கழுவிவிட்டாயாமே. நீ சொன்ன வாசனை சரிதான் ராஜி, கழுவியதுதான் அவசரம்.

முதல் கால்மணி நேரம் அது அப்படித்தான் இருக்கும். ஈரமண், லேசான கற்பூர நெடி, நெடுநாள் பூட்டிக்கிடந்த அறை. போன வாரம் காலையில் என் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தேன். பத்து மணிக்குள் கற்பூரம் போய்விட்டது, மண் காய்ந்து மரமானது. மதியம் எழுதிக்கொண்டிருந்தபோது கையைத் திருப்பினால் இனிப்பே போடாத கோக்கோ மாதிரி ஒரு வாசனை. ராத்திரி படுக்கும்போது அது தனியாக எழும்பவில்லை, தோலோடு தோலாக, வெதுவெதுப்பாகக் கிடந்தது. அந்தக் கடைசிக் கட்டத்துக்காகத்தான் நான் இத்தனை வருஷமாக அதை விடாமல் வைத்திருக்கிறேன்.

பச்சௌலால் என்று ஒரு பொருள் பச்சௌலி எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. கனமான மூலக்கூறு, மெதுவாகத்தான் ஆவியாகும். எலுமிச்சை, பெர்கமாட் என்ற நாரத்தை இனப் பழம் போன்றவற்றின் வாசனைகள் ஒரு மணி நேரத்தில் பறந்துவிட, இது அடியில் தங்கி மற்ற வாசனைகளையும் பிடித்து நிறுத்துகிறது. துணியில் பட்டால் நாள்கணக்கில் போகாது. 19ஆம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க இதன் காய்ந்த இலைகளை இடையிடையே வைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அந்த வாசனை இருந்தால்தான் அசல் சால்வை என்று அங்கே நம்பினார்களாம். பெயர்கூட நம்முடையதுதான், பச்சை, இலை என்ற சொற்களிலிருந்து வந்தது என்பார்கள். துளசிக்கும் புதினாவுக்கும் சொந்தக்காரச் செடி, இன்று பெரும்பகுதி இந்தோனேசியாவில் விளைகிறது.

உனக்கு வந்தது எந்த சென்ட் என்று நீ எழுதவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருக்காது, அதனால் கேட்கிறேன். 1971இல் வந்த கிளினிக் அரோமாடிக்ஸ் எலிக்ஸிரில் ரோஜாவோடு மண்வாசமும் முழுசாக நிற்கும், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1992இல் வந்த முக்லர் ஏஞ்சலில் பஞ்சுமிட்டாய் இனிப்பும் பச்சௌலியும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், உனக்கு அது திகட்டிவிடும் என்று நினைக்கிறேன். ஷனெலின் கோகோ மட்மோசெல், 2001இல் வந்தது, மண்ணும் பூஞ்சை வாடையும் பிரித்தெடுக்கப்பட்ட சுத்தமான பச்சௌலி. பயப்படுகிறவர்கள் அதில் தொடங்கலாம். எனக்கு அதில் மண் இல்லாதது ஒரு குறையாகவே படுகிறது.

அப்புறம், அளவு. ஒருதடவை அடித்தாலே போதும். கொஞ்ச நேரத்தில் உன் மூக்கு பழகிப்போய் வாசனையே இல்லை என்று தோன்றும். பக்கத்தில் இருப்பவருக்கு அது நன்றாகவே தெரியும், மேலே மேலே போடாதே. அந்த பாட்டிலைத் தூக்கியும் போட்டுவிடாதே. இந்த எண்ணெய் நாள்பட நாள்பட முரடு குறைந்து மிருதுவாகும், சீக்கிரம் கெட்டுப்போகாது.

வேலை இல்லாத ஒரு நாளில், காலையிலேயே முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வை. காகிதத்தில் வேண்டாம், தோலின் சூடு இல்லாமல் அது பாதிதான் பேசும். மதியம் ஒருதடவை, தூங்கும் முன் ஒருதடவை முகர்ந்து பார். ராத்திரி என்ன வாசனை வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
கமலா